திருப்புலிவனத்திலிருந்து ஒரு சைக்கிள் உலா

"ஏங்க, ஞாயிற்றுக்கிழமை காலையிலே நாம நாலு பேரும் சைக்கிள்லே உத்திரமேரூர் வரைக்கும் போயிட்டு வரலாமா?"

வீட்டில் இப்படிக் கேட்டுப் பாருங்கள். "யாரு, நீயா? சைக்கிளா?" என்று கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இப்ப என்னம்மா சைக்கிள்!" என்று மாமியார் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார். பிள்ளைகள் மட்டும்தான் துள்ளிக் குதிக்கும்.

இத்தனைக்கும் இன்று இருபது, முப்பது வயதில் இருக்கும் இளம் தாய்மார்களில் பலர் பள்ளிக்கூட நாளில் ஜோராகச் சைக்கிள் ஓட்டியவர்கள்தான். தமிழ்நாட்டில் 2005-06 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் சேரும் மாணவ மாணவியர்க்கு இலவச சைக்கிள் கிடைக்கிறது. பிளஸ் ஒன்னில் அந்தச் சைக்கிள் வந்த அன்று மணியை அடித்துக்கொண்டே ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தீர்களே, ஞாபகமிருக்கிறதா? கல்யாணமானதும் அது என்ன ஆயிற்று? அம்மா வீட்டுத் தாழ்வாரத்தில் துருப்பிடித்து நிற்கும். இல்லையென்றால் அண்ணன் பால்கேனைக் கட்டிக்கொண்டு போவதற்கு உதவும். சைக்கிள் நின்ற இடத்திலேயே நம் உடம்பும் நின்றுவிட்டது. மூச்சு வாங்குகிறது, முழங்கால் பிடிக்கிறது, சர்க்கரை எட்டிப் பார்க்கிறது.

அந்தச் சைக்கிளை மறுபடி வெளியே எடுக்க வைப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்டு எங்கே போவது? காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் முன்னால், காஞ்சிபுரம் சாலையில் இருக்கும் திருப்புலிவனத்தை மையமாக வைத்துக்கொண்டு புறப்படலாம். ஒரு பக்கம் ஏரியும் வயலுமாகச் சமவெளி; இன்னொரு பக்கம் மலையடிவாரம்; நடுவே ஆயிரம் ஆண்டுச் சரித்திரம் உள்ள ஊர்கள். ஏற்ற இறக்கம் அதிகமில்லாத தரை என்பதால் கியர் வைத்த விலை உயர்ந்த சைக்கிள் தேவையே இல்லை. வீட்டிலிருக்கும் சாதாரண லேடீஸ் சைக்கிளே தாராளமாகப் போதும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில் இருப்பதுபோல மோட்டார் வண்டியே வராத சைக்கிள் தனிப்பாதை இந்தப் பக்கத்தில் கிடையாது. நமக்குக் கிடைப்பதெல்லாம் கிராமத்து உள்சாலைகளும், ஏரிக்கரைப் பாதைகளும், விடியற்கால அமைதியும்தான். எந்தப் பாதை, எந்த நேரம் என்று பார்த்துப் புறப்பட்டால் அதுவே நமக்குத் தனிப்பாதை மாதிரி ஆகிவிடும்.

முதல் உலா: புலிவனமும் குடவோலையும்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது இதுதான். போக வர, ஊருக்குள் சுற்ற என எல்லாம் சேர்த்தும் பத்து கிலோமீட்டர் அளவுதான் வரும்.

காலை ஆறு மணிக்குத் திருப்புலிவனம் வியாக்கிரபுரீஸ்வரர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புறப்படுங்கள். புலிக்கால் முனிவரான வியாக்கிரபாதர் வழிபட்ட தலம் என்பது ஐதீகம். அதனால்தான் ஊருக்கே புலிவனம் என்று பெயர். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள பழைய கோயில். தட்சிணாமூர்த்தி சன்னதி இங்கே பிரசித்தம் என்பதால் வியாழக்கிழமைகளில் கூட்டம் இருக்கும். சைக்கிளில் வருகிறவர்கள் மற்ற நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அங்கிருந்து உத்திரமேரூர் இருபது நிமிஷப் பயணம். இது பஸ் ஓடும் சாலைதான். ஆனால் ஆறிலிருந்து ஏழரைக்குள் போனால் நெரிசல் இருக்காது. இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். பேசிக்கொண்டே இருவர் சேர்ந்து ஓட்டும் ஆசையை ஊருக்குள் இருக்கும் சின்னத் தெருக்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூரில் முதலில் பார்க்க வேண்டியது வைகுந்தப் பெருமாள் கோயில். அதன் மண்டபச் சுவரில்தான் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. பள்ளிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தோமே, அதே கல்வெட்டுதான். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். விவரமறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும்; வரி கட்டும் நிலம் வைத்திருக்க வேண்டும். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினருக்கும் இடமில்லை! இப்படித் தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்டு ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று அமைத்தார்கள். ஏரி வாரியத்தில் ஆறு பேர். ஏரியைக் காப்பதற்கென்றே தனிக் குழு என்பதைக் குழந்தைகளுக்கு நிதானமாகச் சொல்லுங்கள். அடுத்து நீங்கள் போகப் போவது அந்த ஏரியைப் பார்க்கத்தான்.

உத்திரமேரூர் ஏரிக்குக் கல்வெட்டில் வைரமேகத் தடாகம் என்று பெயர். வைரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக ஓர் ஏரி ஊருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது என்றால் லேசான விஷயமா? வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, டிசம்பர், ஜனவரியில் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் அந்த அருமை புரியும். கரை மேல் உள்ளது மண் பாதை. காய்ந்திருந்தால் ஓட்டலாம், ஈரமாக இருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். குழந்தைகளை மதகுப் பக்கமும் கலங்கல் பக்கமும் தனியாக விடாதீர்கள்.

திரும்பும்போது சுந்தரவரதப் பெருமாள் கோயிலையும் பார்த்துவிடுங்கள். மூன்று நிலைகளில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று பெருமாளைச் சேவிக்கலாம். படியேறி இறங்குவது சைக்கிள் ஓட்டிய தொடைக்கு நல்ல மாற்றுப் பயிற்சியும்கூட!

இரண்டாம் உலா: செய்யாறு தாண்டி மாகறல்

முதல் உலாவை நான்கைந்து முறை போய்ப் பழகியவர்கள் இதற்குத் தயார் ஆகலாம். திருப்புலிவனத்திலிருந்து காஞ்சிபுரம் போகும் திசையில் பத்து கிலோமீட்டர் அளவில் மாகறல் இருக்கிறது. வழியில் வெங்கச்சேரியில் செய்யாற்றைக் கடக்க வேண்டும். மற்ற நாளில் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு, மழைக்காலத்தில் ஆளை அடித்துக்கொண்டு போகிற வேகத்தில் வரும். வெள்ளம் வரும் என்று அறிவிப்பு இருக்கும் நாளில் இந்தப் பாதையே வேண்டாம்.

மாகறலில் திருமாகறலீஸ்வரர் கோயில். திருஞானசம்பந்தர் பாடிய தலம். கருவறை விமானம் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும். கஜபிருஷ்டம் என்று சொல்வார்கள். லிங்கம் உடும்பின் வால் வடிவில் இருப்பதாக ஐதீகம். குழந்தைகளுக்கு அந்த உடும்புக் கதை ரொம்பப் பிடிக்கும். கோயில் நிழலில் கட்டுச்சாத மூட்டையை அவிழ்த்துப் பசியாறிவிட்டு, பத்து மணி வெயிலுக்கு முன்னால் வீடு திரும்பிவிடலாம்.

தெம்பு இருக்கிறவர்கள் மேலே போய், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி ஓரிக்கை வழியாகக் காஞ்சிபுரத்தை அடையலாம். ஆனால் ஓரிக்கையை நெருங்க நெருங்க நெரிசல் கூடும். எனவே குழந்தைகளோடு போகிறவர்கள் மாகறலோடு திரும்புவதே புத்திசாலித்தனம்.

மூன்றாம் உலா: கரிக்கிலியும் வேடந்தாங்கலும்

தாழ்ந்த சமவெளியின் முழு அழகையும் பார்க்க வேண்டுமானால் இதுதான் பாதை. உத்திரமேரூரிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் வேடந்தாங்கல். அதற்கு முன்னால் சற்று வடக்கே கரிக்கிலி. இரண்டுமே பறவைகள் சரணாலயம். இரண்டையும் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில் சேர்த்தார்கள்.

தாங்கல் என்றால் சின்ன ஏரி. அந்தச் சின்ன ஏரிக்கு நவம்பர் முதல் மார்ச் வரை பல்லாயிரக்கணக்கில் பறவைகள் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா, கூழைக்கடா என்று பெயர்களைக் கேட்டாலே குழந்தைகள் சிரிக்கும். ஊர் ஜனங்களுக்கும் பறவைகளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டரிடம் கேட்டு உத்தரவு வாங்கியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு இலவச உரம் என்பதை அவர்கள் அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள். பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஊர் அது.

பறவை பார்க்கப் போகிறவர்களுக்குச் சைக்கிளைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. சத்தமில்லை, புகையில்லை. வழியில் நெல் வயலில் நிற்கும் கொக்குகூடப் பறக்காமல் உங்களைத் தலை சாய்த்துப் பார்க்கும்.

போக வர 40 கிலோமீட்டர் என்பதால் ஒரே நாளில் இரண்டையும் செய்ய வேண்டுமென்று கட்டாயமில்லை. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில், அரை மணிக்கு ஒரு தரம் நிறுத்தி இளைப்பாறிப் போனால் ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். காலையில் போய், மாலை நான்கு மணிக்கு மேல் பறவைகள் கூட்டுக்குத் திரும்புவதைப் பார்த்துவிட்டு, சைக்கிளை ஒரு சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்புவது உத்தமம். இருட்டின பிறகு கிராமச் சாலையில் சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

நான்காம் உலா: மலையடிவாரம்

இது பெரிய பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு. உத்திரமேரூரிலிருந்து மேற்கே மானாம்பதி வழியாக வந்தவாசி. இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர் இருக்கும். வந்தவாசியை நெருங்கும்போது தரை லேசாக மேடேறத் தொடங்கும். தூரத்தில் பாறைக் குன்றுகள் தெரியும். 1760 ஜனவரி 22-ஆம் தேதி ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இங்கே நடந்த சண்டைதான் தென்னாட்டில் யார் கை ஓங்குவது என்பதைத் தீர்மானித்தது. வந்தவாசி கோரைப்பாய் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பாய் தேவைப்படுகிறவர்கள் கையோடு விலை விசாரித்து வைத்துக்கொள்ளலாம்!

வந்தவாசியில் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையில் எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள பொன்னூர் மலைக்குப் போகலாம். சமணப் பெரியார் குந்தகுந்தர் தவம் செய்த இடம் என்று போற்றப்படும் மலை. மேலே அவருடைய பாதச் சுவடு இருக்கிறது. அடிவாரத்தில் சைக்கிளை நிறுத்திப் பூட்டிவிட்டுப் படியேறுங்கள். மேலிருந்து பார்த்தால் நீங்கள் கடந்து வந்த சமவெளி முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்ததுபோலக் கிடக்கும். "இவ்வளவு தூரமா நாம சைக்கிள்லே வந்தோம்?" என்று உங்களுக்கே பெருமையாக இருக்கும்.

போக வேண்டும், ஆனால் சைக்கிளில் வேண்டாம்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடல் நம் வாசகியர் அவசியம் பார்க்க வேண்டிய ஊர். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1069-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோயிலைச் சார்ந்து நடந்த ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றி அது விவரமாகச் சொல்கிறது. 15 படுக்கைகள், நோய் பார்க்க ஒரு மருத்துவர், அறுவை சிகிச்சைக்கு ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், மருந்து காய்ச்சவும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் இரண்டு பெண்கள். கைவசம் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்கூட இருக்கிறது. அதில் கடுக்காய் சேர்ந்த மருந்துகளும் ஆமணக்கெண்ணெய்த் தைலங்களும் உண்டு. தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் சம்பளம் வாங்கி நர்ஸ் வேலை பார்த்த நம் பாட்டிமார்களை நினைத்தால் சிலிர்க்கவில்லையா?

ஆனால் திருமுக்கூடல், சாலவாக்கம் சுற்று வட்டாரத்தில் கல் குவாரிகளும் கிரஷர்களும் அதிகம். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு வரும். புழுதியும் சேர்ந்துகொள்ளும். இந்தச் சாலையில் குழந்தையை வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது ஆபத்து. அழகான இடம் என்பதற்காக நாங்கள் பூசி மெழுகிச் சொல்ல மாட்டோம். பஸ்ஸிலோ காரிலோ போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உடம்புக்கு என்ன லாபம்?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தினம் அரை மணி வீதம் ஐந்து நாள் சைக்கிள் மிதித்தால் கணக்குச் சரியாகிவிடும். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்பட உதவும். உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால், ஓடுவதைவிட முழங்காலுக்குச் சிரமம் குறைவு. ஆனால் எலும்பு பலப்பட உடல் எடையைத் தாங்கும் பயிற்சியும் வேண்டும். எனவே நடையையும் விட்டுவிடாதீர்கள்.

"சைக்கிள் ஓட்டினா கர்ப்பப்பை இறங்கிடும்" என்று பயமுறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சைக்கிள் ஓட்டுவதால் கர்ப்பப்பை இறங்குவதில்லை. பிரசவத்தில் தசைகள் தளர்வது, அளவுக்கு மீறிப் பாரம் தூக்குவது, நாட்பட்ட இருமல், மலச்சிக்கல் இவைதான் பெரும்பாலும் காரணம். ஏற்கெனவே அந்தத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். மாதவிலக்கு நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் ஓட்டலாம், தடை ஒன்றுமில்லை.

பிள்ளை பெற்றவர்கள் அவசரப்படக் கூடாது. ஆறு வாரம் கழித்துச் செய்யும் பரிசோதனையில் டாக்டர் சரி என்று சொன்ன பிறகே தொடங்குங்கள். சிசேரியன் ஆனவர்களும், தையல் போட்டவர்களும் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டியிருக்கலாம். இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குப் பயிற்சியும் சிகிச்சையும் உண்டு. கர்ப்பிணிகள் விழுந்துவிடும் ஆபத்து உண்டு என்பதால், அந்த மாதங்களில் புதிதாகச் சைக்கிள் கற்கவோ நீண்ட உலா போகவோ வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். வழியில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமலே புறப்படும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இது மகா தவறு. நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வர இதுவே வழி. எந்த ஊர் பஸ் நிலையத்தில், எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டு, வேண்டிய மட்டும் தண்ணீர் குடியுங்கள். வெயிலில் தலைசுற்றல், குமட்டல், தலைவலி தெரிந்தால் உடனே நிழலில் இறங்கி, ஈரத் துணியால் முகம் கழுத்தைத் துடைத்து, உப்புப் போட்ட நீர்மோர் குடித்து ஓய்வெடுங்கள். குணம் தெரியாவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புறப்படும் முன் கவனிக்க

* சீட்டின் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி நிச்சயம். புதிதாகப் பழகுகிறவர்கள் மட்டும் பாதம் தரையில் படும்படி தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம்.

* உடை: சுடிதார் வசதி. துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்க முடிந்துகொள்ளுங்கள். பறக்கும் துப்பட்டா சக்கரத்தில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. புடவை கட்டுகிறவர்கள் செயின் கவரும், பின் சக்கரத்துக்கு வலையும் போட்ட சைக்கிளில் மட்டும் ஏறுங்கள்.

* குழந்தை: ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே கூடாது. பெரிய குழந்தைக்குப் பெல்ட்டும் கால் வைக்க இடமும் உள்ள தனி இருக்கை பொருத்துங்கள். கேரியரில் சும்மா உட்கார்ந்த குழந்தையின் கால் ஆரக்கம்பிக்குள் போய் மாட்டிக்கொள்ளும் விபத்து சர்வ சாதாரணம். தலைக்கு ஹெல்மெட் அவசியம்.

* கையில்: காற்றடிக்கும் சின்னப் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு மாற்று டியூப், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், கொஞ்சம் பஞ்சு, மருந்து, பிளாஸ்திரி.

* சாப்பாடு: புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கெடாது. சுக்கு, மிளகு, சீரகம் தட்டிப் போட்ட காஞ்சிபுரம் இட்லி இதற்கென்றே பிறந்தது. ஊறுகாயை மறந்தாலும் மோரை மறக்காதீர்கள்.

* பழக்கம்: அடியோடு ஓட்டத் தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்தில் சீட்டைத் தாழ்த்தி உட்கார்ந்து, பெடலைத் தொடாமல் இரண்டு காலாலும் தள்ளித் தள்ளிப் பழகுங்கள். பேலன்ஸ் வந்துவிட்டால் பெடல் தானாக வரும். ஒரு வாரம், பத்து நாள் போதும்.

அம்மாக்கள் நினைத்தால்

"பொம்பளைங்க சைக்கிள்லே ஊர் சுத்தறதா?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் பதில் இருக்கிறது. 1894-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்திலிருந்து சைக்கிளோடு உலகம் சுற்றப் புறப்பட்ட ஆனி லண்டன்டெரி மூன்று குழந்தைகளுக்குத் தாய். கடலைக் கப்பலில் கடந்து, தரையில் சைக்கிள் மிதித்து, 1895-ல் திரும்பி வந்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் புதுக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலெக்டராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத். எழுதப் படிக்கக் கற்கும் பெண்கள் சைக்கிளும் கற்க வேண்டும் என்று ஊக்கம் கொடுத்தார். விவசாயக் கூலிகள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்றபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதிலும் ஒரு சௌகரியம் கண்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சம். தண்ணீர் சுமந்த இடுப்பு வலி மிச்சம். யாரையும் "கொஞ்சம் கொண்டுபோய் விடேன்" என்று கெஞ்ச வேண்டாம்.

சரி, சாலை பயமாக இருக்கிறதே என்பீர்கள். நெதர்லாந்து இன்று சைக்கிளுக்குப் பேர்போன நாடு. ஆனால் 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பொறுக்க முடியாமல் பெற்றோர்கள், அதிலும் தாய்மார்கள், தெருவில் இறங்கினார்கள். குழந்தைகள் சாவதை நிறுத்துங்கள் என்று கோஷமிட்டுச் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். தனிச் சைக்கிள் பாதைகளும், வண்டிகள் மெதுவாகப் போக வேண்டிய தெருக்களும் பெருகியதற்கு அந்தப் போராட்டம் ஒரு முக்கியக் காரணம்.

நாம் சாலையை மறிக்க வேண்டியதில்லை. நமக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எந்தப் பெண்ணும் எழுந்து பேசலாம். 2016-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி நமக்கு. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை வேண்டும். ஏரிக்கரைப் பாதையைச் சமன் செய்து இரண்டு பக்கமும் பனையும் புங்கமும் நட வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் டிப்பர் லாரி ஊருக்குள் வரக்கூடாது. பெண்களுக்குப் பூட்டில்லாத, தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். இவற்றைக் கேளுங்கள்; தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்; அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று கணக்குக் கேளுங்கள். கணக்குக் காட்டாதவருக்குப் பதவியில்லை என்று கல்லில் வெட்டி வைத்த வட்டாரமல்லவா இது!

இந்த வாரமே அம்மா வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். "அந்தப் பழைய சைக்கிள் இருக்காம்மா?" என்று கேளுங்கள். இருந்தால் கடையில் கொடுத்துச் செயினுக்கு எண்ணெய் போட்டு, பிரேக் கட்டையும் டயரும் மாற்றச் சொல்லுங்கள். முதல் வாரம் வீட்டுத் தெரு, இரண்டாம் வாரம் கடைத்தெரு, மாதக் கடைசியில் திருப்புலிவனம். மாமியாரையும் விட்டுவிடாதீர்கள். "அத்தை, நாங்க சைக்கிள்லே முன்னாலே போறோம், நீங்க மாமாவோட பஸ்ஸிலே வந்துடுங்க. கோயில்லே எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். புளியோதரையை அவரே கிளறிக் கட்டிக் கொடுப்பார்!